முதலில் சுவரைக் காட்டினோம்: காசிமேடு பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியின் ஓவியக் கண்காட்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் ராயபுரத்துக்கும், மீன்பிடித் துறைமுகம் உள்ள காசிமேட்டுக்கும் நடுவே உள்ள ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. அங்கே இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் சேர்ந்து ஒரு ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். என்ன வரைவது, எதை எங்கே மாட்டுவது, வருகிறவர்களுக்கு யார் சொல்வது என்பதில் பெரும்பகுதியை அவர்களே முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் வயது ஏழு, எட்டு.

நான் அதே பகுதியில் வேறொரு பள்ளியில் ஓவிய ஆசிரியன். இந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியை எனக்குப் பழக்கம் என்பதால் உதவிக்குப் போனேன். பிள்ளைகளுக்கு அவர் ‘டீச்சர்’, நான் ‘டிராயிங் சார்’. பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் இங்கே எழுதவில்லை.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திட்டம் போடுவதெல்லாம் நடக்கிற காரியமா என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நடக்கும். ஆனால் பேச்சைத் தாளிலும் தலைப்பிலும் தொடங்கக் கூடாது, இடத்தில் தொடங்க வேண்டும் என்பதுதான் இந்த ஒரு நிகழ்வை வைத்து நான் சொல்ல வருவது. படம் எங்கே தொங்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஏழு வயதுப் பிள்ளைக்கு ‘ப்ராஜெக்ட்’ என்ற சொல்லுக்கே ஓர் உருவம் கிடைக்கிறது.

தொடங்கும்போது இருந்த நிலை

அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் ஓவியத்துக்குத் தனி ஆசிரியர் கிடையாது. 2012இல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி போன்றவற்றுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோதும் அந்த ஏற்பாடு ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்குத்தான். ஐந்தாம் வகுப்பு வரை எல்லாமே வகுப்பாசிரியர் தலையில். இத்தனைக்கும் ராயபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிப் பெரியமேட்டில், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய கலைப் பள்ளிகளில் ஒன்று. நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போது அதைத் தாண்டிப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் பள்ளிகளில் ‘ப்ராஜெக்ட்’ என்றால் நடப்பது வேறு. தெருமுனை ஸ்டேஷனரி கடையில் படச் சார்ட் வாங்குவார்கள். அம்மா கத்தரித்துக் கொடுப்பார், அக்கா ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு எழுதுவார், பிள்ளை அதைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்து வரும். வரிசையாக ஒட்டிவைத்தால் சுவர் பளிச்சென்று இருக்கும். பிள்ளையைக் கூப்பிட்டு ‘இது என்னப்பா?’ என்று கேட்டால் அம்மா முகத்தைப் பார்க்கும்.

இங்கேயும் அப்படித்தான் போயிருக்க வேண்டியது. ஆண்டு விழாவை ஒட்டி ஒரு கண்காட்சி வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். தலைப்பு, ‘இயற்கை எழில்’. டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்து வரையச் சொன்னார். வந்த படங்களை என்னிடம் காட்டினார். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையடியில் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம், மேலே டிக் போட்ட மாதிரி நான்கு பறவைகள். கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் இதே காட்சி. ராயபுரத்தில் மலை எங்கே இருக்கிறது? பத்து நிமிடம் நடந்தால் கடல். அந்தக் கடல் ஒரு படத்தில்கூட இல்லை.

பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ‘படம்’ என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு அண்ணனோ அக்காவோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெற்றுச் சுவர்

டீச்சரிடம் நான் கேட்டது, “இது எங்க மாட்டப் போறோம்?” அவருக்கும் அது முடிவாகவில்லை. தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டோம். அலுவலக அறையிலிருந்து மாடிப்படி வரை உள்ள தாழ்வாரத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த நீளச் சுவர். மறுபக்கம் தூண்கள், அதற்கப்பால் மைதானம்.

மறுநாள் இரண்டு வகுப்பையும் அங்கே கூட்டி வந்து சுவரைப் பார்க்க உட்கார வைத்தோம். ‘இந்தச் செவுரு இனிமே உங்களுது. உங்க அம்மா, ஆயா, தாத்தா, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து பார்ப்பாங்க. இதுல என்ன பண்ணலாம்?’ என்றார் டீச்சர்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேள்விகள் கொட்ட ஆரம்பித்தன. ‘செவுரு ஃபுல்லாவா டீச்சர்?’ ‘செவுத்துலயே வரையலாமா?’ ‘எங்க ஆயாக்கு கண்ணு தெரியாது, பெருசா வரையணும்.’ ‘மேல வச்சா எனக்குத் தெரியாது சார், நான் குட்டை.’

இந்தக் கேள்விகளைக் கவனியுங்கள். அளவு, பார்வையாளர், உயரம் என்று கண்காட்சி அமைப்பவர் யோசிக்க வேண்டியவை அத்தனையும் அதில் இருக்கின்றன. வகுப்புக்குள் பெஞ்சில் உட்கார வைத்து, ‘கண்காட்சிக்கு எப்படித் திட்டமிடலாம், சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது. கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒன்றைப் பற்றி முடிவெடுப்பது அந்த வயதுக்குக் கஷ்டம். சுவர் எதிரே இருந்தால் அதே பிள்ளை மேஸ்திரி கணக்காகப் பேசும்.

அடுத்தது அளப்பது. சாண் போட்டு அளந்தார்கள். ஒருவன் கணக்கும் அடுத்தவள் கணக்கும் ஒத்துவரவில்லை. சண்டை. கை சிறிசு பெரிசாக இருப்பதால்தான் என்று ஒரு பெண் கண்டுபிடித்துச் சொன்னாள். பிறகு டீச்சரின் சேலை முழத்தில் அளக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, கடைசியில் சணல் கயிற்றில் நின்றது. கயிற்றைத் தரையில் நீட்டி மீட்டர் கோல் வைத்துப் பார்த்ததில் ஏழு மீட்டரும் கொஞ்சமும். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ அடிப்படைக் கல்வித் திட்டத்தில் அளவைப் பாடத்துக்கு டீச்சர் தனியாக ஒரு நாள் ஒதுக்கியிருந்தார். அந்தப் பாடம் அன்றைக்கே முடிந்துவிட்டது என்று சிரித்தார்.

நாம் வாங்குகிற முழுச் சார்ட் பேப்பர் 22க்கு 28 அங்குலம், அதாவது 56க்கு 71 சென்டிமீட்டர். நீளவாக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு வரிசையில் ஒன்பது பத்து சார்ட்டுக்கு மேல் இடம் இருக்காது. முப்பது பேருக்கு அது எப்படிப் போதும்? இதையும் பிள்ளைகளிடமே விட்டோம். பாதியாக வெட்டலாம் என்றார்கள், இரண்டு வரிசை வைக்கலாம் என்றார்கள், மூன்று பேர் சேர்ந்து ஒரு தாளில் வரையலாம் என்றார்கள். மூன்றையுமே செய்தோம்.

தலைப்பு மாறிய கதை

‘இயற்கை எழில்’ என்ற தலைப்பை விடுவதற்குத் தலைமையாசிரியையின் சம்மதம் வேண்டும். டீச்சர் போய்ப் பேசினார். மலைப்படங்கள் முப்பதையும் மேசைமேல் பரப்பிவைத்தார். அதற்கு மேல் வாதாடத் தேவைப்படவில்லை.

புதிய தலைப்பு, ‘பள்ளிக்கு வரும் வழி’. காரணம் எளிது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வழி இருக்கிறது, இரண்டு பேர் வழி ஒன்றாக இருந்தாலும் பார்ப்பது ஒன்றாக இருக்காது, வீட்டில் யாரும் வரைந்து கொடுக்க முடியாது. வரைவதற்கு முன் ஒரு வாரம் வெறும் பேச்சு மட்டும். தினமும் காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது, பெயர் சொன்னதும் ‘உள்ளேன் டீச்சர்’ என்பதற்குப் பதில் வழியில் பார்த்த ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் ‘நாய்’ என்றார்கள். அடுத்தடுத்த நாட்களில் பட்டியல் மாறியது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள், ஐஸ் உடைக்கும் சத்தம், காயப்போட்ட நெத்திலி, சர்ச் மணி, மெட்ரோ ஸ்டேஷனில் தானாக ஏறும் படிக்கட்டு, கல்மண்டபம் சிக்னலில் பொம்மை விற்கும் அம்மா, ராயபுரம் ரயில் நிலையத்தின் வெள்ளைத் தூண்கள்.

அந்த ரயில் நிலையத்திலிருந்துதான் 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. டீச்சர் இதைச் சொன்னதும் ஒரு பையன், ‘அப்போ எங்க ஏரியாலதான் ஃபர்ஸ்ட்டா?’ என்று எழுந்து நின்றுவிட்டான். அவன் வழியில் ரயில் நிலையமே கிடையாது. ஆனாலும் அதைத்தான் வரைவேன் என்று அடம் பிடித்தான். சரி, வரையட்டும் என்று விட்டோம்.

எதை எங்கே வைப்பது என்பதில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. துறைமுகம் பக்கமிருந்து வருகிறவர்கள் கடலில் தொடங்க வேண்டும் என்றார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்கள் அது எப்படி என்றார்கள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘ஸ்கூல நடுவுல வச்சிட்டா?’ என்றாள். அதுவே அமைப்பு ஆனது. சுவரின் நடுவில் பள்ளி, இடப்பக்கம் கடலை நோக்கிப் போகும் வழிகள், வலப்பக்கம் ரயிலும் மெட்ரோவும் மார்க்கெட்டும். எனக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பெரியவர்கள் எப்போதும் இடமிருந்து வலமாகவே நினைக்கிறோம்.

கால்கள் மட்டும் உள்ள படம்

இந்தக் கண்காட்சியில் அதிகம் பேசப்பட்ட படம் அழகான படம் அல்ல. கொருக்குப்பேட்டையிலிருந்து ஆயாவோடு வரும் ஒரு சிறுமி வரைந்தது. தாளின் குறுக்கே இரண்டு சிவப்பு வெள்ளைக் கம்பங்கள், கீழே நிறையக் கால்கள். பேன்ட் போட்ட கால், சேலைக் கால், செருப்பில்லாத கால், சைக்கிள் சக்கரம், ஒரு ஆட்டின் கால். தலை ஒன்றுகூட இல்லை. முடிக்காமல் வைத்துவிட்டாள் என்று நினைத்த டீச்சர், மேலே முகமெல்லாம் போடம்மா என்று சொல்லப் போனார். கொஞ்சம் பொறுங்கள், முதலில் கேட்டுப் பார்ப்போம் என்றேன். அவள் சொன்னது: ‘கேட் போட்டாங்கன்னா எல்லாரும் வந்து நின்னுடுவாங்க. காலு மட்டும்தான் தெரியும். ட்ரெயின் சத்தம் கேக்கும், ட்ரெயின் தெரியாது.’

அந்த ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்த அனுபவம் வடசென்னையில் யாருக்குத்தான் இல்லை? நாம் நின்றது ஐந்தடி உயரத்திலிருந்து. அவள் மூன்றரை அடியிலிருந்து பார்த்ததை அப்படியே வரைந்திருக்கிறாள். முகம் போட்டிருந்தால் அந்தப் படம் செத்திருக்கும்.

இன்னொன்று, லாரிப் படம். கன்டெய்னர் லாரியின் பக்கவாட்டில் வெளியிலிருந்தே உள்ளே எல்லாம் தெரிகிறது. டிரைவர் படுத்திருக்கிறார், தலைமாட்டில் தண்ணீர் பாட்டில், கன்டெய்னருக்குள் டிவியும் பொம்மையும் சைக்கிளும். சக்கரங்கள் எல்லாம் ஒரே கோட்டில், மறுபக்கத்துச் சக்கரங்களும் சேர்த்து. இதைத் தப்பு என்று திருத்துகிறவர்கள்தான் அதிகம். ஆஸ்திரியாவில் பிறந்த கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துக் காட்டினார். ஏழு வயது முதல் ஒன்பது வயது வரையிலான பருவத்தில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு வருகிறது, எல்லாப் பொருளும் அதன்மேல் நிற்கின்றன. எக்ஸ்ரே எடுத்தது போல உள்ளிருப்பதை வெளியே காட்டுவதும் இதே பருவத்துக்கு உரியது. பிள்ளை கண்ணால் கண்டதை மட்டும் வரைவதில்லை, தெரிந்ததையும் சேர்த்து வரைகிறது. ஒன்பது பத்து வயதுக்கு மேல் அதுவே ‘இப்படி இருக்காதே’ என்று நினைக்கத் தொடங்கும். அதற்கு முன்னால் நாம் அவசரப்பட்டுத் திருத்தினால், தனக்கு வரையத் தெரியாது என்று அது முடிவு கட்டிக்கொள்கிறது. மலைக்கும் குடிசைக்கும் திரும்பி ஓடுவது அதற்குப் பிறகுதான்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம். பெரியவர்கள் யாரும் பிள்ளையின் தாளில் பென்சில் வைக்கக் கூடாது. கேட்கலாம், பொருளைக் கொண்டுவந்து காட்டலாம், கூட்டிப் போய்ப் பார்க்க வைக்கலாம். ‘படகு எப்படி இருக்கும்னு மறந்துட்டேன்’ என்று ஒருவன் சொன்னால் வரைந்து காட்டுவதில்லை, மாலையில் துறைமுகத்தில் நின்று பார்த்துவிட்டு வரச் சொன்னோம். அவன் பார்த்துவிட்டு வந்து படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணை ஐ.என்.டி., டி.என். என்று எழுத்து பிசகாமல் வரைந்தான். படகைவிட எண் பெரிசு.

வீட்டுக்குப் போன ஒரு படம்

முக்கால்வாசி வேலை முடிந்திருந்த நேரத்தில் ஒரு பையன் தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டான். திரும்பி வந்தது அவன் படம் அல்ல. அவன் அத்தைக்கு நன்றாக வரைய வருமாம். கலங்கரை விளக்கமும் அலையும் நிழல் எல்லாம் போட்டு அருமையாக இருந்தது. பையன் பெருமையாகக் காட்டுகிறான். இதை என்ன செய்வது?

வாங்கி ஓரமாக வைத்தால் பையன் சுருங்கிப் போவான். சுவரில் வைத்தால் அடுத்த நாளே எல்லா வீட்டு அத்தைகளும் களத்தில் இறங்குவார்கள். டீச்சர் ஒரு நல்ல காரியம் செய்தார். தூண் பக்கம் ஒரு மேசையைப் போட்டு, ‘இது பெரியவர்கள் இடம்’ என்று எழுதி வைத்து, அத்தையின் படத்தை அங்கே முதலாவதாக மாட்டினார். கண்காட்சிக்கு வரும் பெரியவர்களும் அங்கே உட்கார்ந்து வரையலாம் என்று வெற்றுத் தாளும் கிரேயானும் வைத்தோம். பையன் தன் படத்தை மறுபடி வரைந்தான். அதன் பிறகு தாள்கள் பள்ளியை விட்டு வெளியே போகவில்லை.

வலையில் மாட்டியது

பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் சார்ட்டும் பிரவுன் பேப்பரும் மொத்தமாக வாங்கினோம். மலிவான மெழுகு கிரேயான் பெரிய தாளில் நிறம் பிடிக்காது, ஆயில் பேஸ்டல் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வெயில் காலத்தில் ஈஷிக்கொள்ளும், நடுவே பழைய செய்தித்தாள் வைக்க வேண்டும். போஸ்டர் கலரில் தண்ணீர் அதிகம் விட்டால் சார்ட் அலை அலையாக வளைந்துவிடும். காய்ந்ததும் பாடப்புத்தகக் கட்டுகளை மேலே ஏற்றி வைத்தோம். எல்லாம் சேர்த்துச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

கஷ்டம் மாட்டுவதில்தான். சுண்ணாம்புச் சுவரில் செல்லோ டேப் நிற்காது, சுண்ணாம்போடு பெயர்ந்து வரும். கடலோரத்து ஈரக்காற்றில் இரட்டைப் பக்க டேப்பும் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. ஆணி அடிக்கத் தலைமையாசிரியை சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். வழி சொன்னது மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன்: ‘எங்க தாத்தா கிட்ட பழைய வலை கீது சார்.’

தாத்தா காசிமேட்டில் வலை பிரித்துச் சரிசெய்கிறவர். கிழிந்து ஒதுக்கிய நைலான் வலையைக் கொண்டுவந்தார். சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, அலசி, மொட்டை மாடியில் காயப்போட்ட பிறகு வாடை ஓரளவு போனது. ‘கொஞ்சம் இருக்கட்டும், எங்க வீட்டு வாசனைதானே’ என்றார் தாத்தா. அலுவலக ஜன்னல் கம்பியிலிருந்து மாடிப்படிக் கம்பி வரை மேல் கயிற்றை இழுத்து அவரே கட்டினார். பிள்ளைகள் துணி கிளிப் கொண்டு படங்களை மாட்டினார்கள். இடம் மாற்ற வேண்டுமென்றால் கிளிப்பை எடுத்து நகர்த்தினால் போதும், கிழியாது. டேப்பாக இருந்தால் பிள்ளைகளைத் தொடவே விட்டிருக்க மாட்டோம். வலை இருந்ததால்தான் மாட்டும் வேலை முழுக்க அவர்கள் கைக்குப் போனது.

உயரத்தில் ஒரு வாக்குவாதம். கலைக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145, 150 சென்டிமீட்டரில் வரும்படி மாட்டுவது வழக்கம், நின்று பார்க்கும் பெரியவர் கண்ணுக்கு நேராக. ஏழு வயதுப் பிள்ளையின் கண் அதைவிட ஒரு முழம் கீழே இருக்கும். பிள்ளைகள் தங்கள் மூக்கு உயரத்தில்தான் மாட்டினார்கள். விருந்தினர்கள் குனிய வேண்டியிருக்கும் என்று தலைமையாசிரியை தயங்கினார். டீச்சர் தாழ்வாரத்தில் நான்கு ஸ்டூல்களைப் போட்டுப் பிரச்சினையை முடித்தார். வயதானவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், பிள்ளைகள் நின்று சொன்னார்கள், இருவர் முகமும் ஒரே உயரத்தில்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலையே, அது நடக்கப்போகும் அதே நேரத்தில், ஒத்திகையாக மாட்டிப் பார்த்தோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பியதும் வலை பாய்மரம் போல உப்பிக்கொண்டது. கீழ் ஓரத்தில் கனம் வேண்டும். பிள்ளைகள் தங்கள் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். வலைக்குக் கீழே ஏன் ஈயக்குண்டு கட்டுகிறார்கள் என்பது தாத்தா சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது.

படத்துக்குக் கீழே குறிப்பு எழுதுவதில் டீச்சருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பிள்ளை சொன்ன பேச்சை அப்படியே எழுத வேண்டும் என்பது என் கட்சி. பள்ளிச் சுவரில் பேச்சுத் தமிழா, பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. கடைசியில் பெயரும் வகுப்பும் பிள்ளையின் கையெழுத்தில், அதற்குக் கீழே பிள்ளை சொன்னது சொன்னபடி டீச்சர் கையெழுத்தில் என்று ஒத்துக்கொண்டோம். “ஐஸ் வண்டி தண்ணி சொட்டிக்கினே போவும். நாங்க பின்னாடி ஓடுவோம்.” “லாரி அண்ணன் தூங்குறாரு. முன்னாடி வண்டி நகந்தா எழுந்துப்பாரு.” அன்றைக்கு மக்கள் நின்று படித்து வாய்விட்டுச் சிரித்தது இந்தக் குறிப்புகளைத்தான்.

நாளும் நேரமும்

கண்காட்சியை ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு. மற்ற ஊருக்கு அது சரி. காசிமேட்டில் ஞாயிறுதான் வியாபாரம் உச்சத்தில் இருக்கும் நாள், மீன் விற்கும் அம்மாக்கள் ஒருவரும் வர முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தால் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் அது தேர்வும் கோடை விடுமுறையும் வரும் நேரம். விசைப்படகில் போகிறவர் என்றைக்குக் கரை திரும்புவார் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே பிப்ரவரியில் ஒரு வார நாள், மாலை நான்கு மணி. விடியற்காலை ஏலத்துக்குப் போன அம்மாக்கள் விற்று முடித்து, தூங்கி எழுந்து வரக்கூடிய நேரம். வந்தார்கள். வழக்கமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்களைவிட அதிகம் பேர் என்று டீச்சர் சொன்னார்.

வழிகாட்டிகளாகப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி நின்றார்கள். அதற்கு மேல் நிற்க வைத்தால் சிணுங்குவார்கள். ‘வணக்கம், என் பெயர்…’ என்று ஒப்பிக்கும் பழக்கத்தை உடைக்க ஒரு வேலை செய்தோம். பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கவில்லை, வருகிறவர்கள் கையில் கேள்விச் சீட்டு கொடுத்தோம். ‘இந்தப் படத்தில் நீ எங்கே இருக்கிறாய்?’ ‘இங்கே என்ன சத்தம் கேட்கும்?’ ‘நீ மட்டும் பார்த்தது எது?’ கேள்வி இப்படி இருந்தால் மனப்பாடப் பதில் வராது. கால் படம் வரைந்த சிறுமியிடம் ஒருவர், ‘ட்ரெயின் எங்கம்மா?’ என்று கேட்க, அவள் தன் காதைக் காட்டினாள்.

பெரியவர்கள் மேசையில் ஒரு சிக்கல் வந்தது. கரையில் இருந்த ஓர் அப்பா உட்கார்ந்து ஒரு விசைப்படகு வரைந்தார். வலையை இழுக்கும் வின்ச், இழுவலைப் பலகை, படகை ஓட்டுகிற வீல்ஹவுஸ் என்று எல்லாம் அதனதன் இடத்தில். சுற்றி ஒரே கூட்டம், பாராட்டு. அவர் மகன், பதிவு எண்ணைப் பெரிதாகப் போட்ட அதே பையன், தன் படத்தைக் கிளிப்பிலிருந்து உருவப் போய்விட்டான். டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, மகன் கையில் ஒரு கேள்விச் சீட்டைக் கொடுத்து, ‘நீ அப்பா படத்தைப் பத்திக் கேளு, அப்புறம் அப்பா உன் படத்தைப் பத்திக் கேட்கட்டும்’ என்றார். எண்ணை ஏன் அவ்வளவு பெரிசாகப் போட்டாய் என்று அப்பா கேட்டார். கரையில் நின்று பார்க்கும்போது நம்ம போட் எது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன் என்றான். படம் வலையிலேயே இருந்தது. இருந்தாலும் அடுத்த முறை பெரியவர்கள் மேசையைப் பிள்ளைகள் படத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பரிசு

பரிசு வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஆனால் சிறப்பு விருந்தினராக வந்தவர் மூன்று கோப்பைகளோடு வந்துவிட்டார். பள்ளிக்கு நன்கொடை தருகிறவர், தலைமையாசிரியையால் மறுக்க முடியவில்லை. அவர் சுற்றிப் பார்த்து, மிகச் சுத்தமாக நிறம் தீட்டியிருந்த மூன்றுக்குக் கொடுத்தார். முதல் பரிசு ரயில் நிலையப் படத்துக்கு. நல்ல படம்தான், மறுக்கவில்லை. பரிசு வாங்கியவனும் நல்ல பையன்.

விளைவு அடுத்த வாரம் தெரிந்தது. வகுப்பில் விருப்பப்படி வரையச் சொன்னபோது பலர் ரயில் நிலையம் வரைந்தார்கள், அதே தூண்கள், அதே நிறம். மலையும் குடிசையும் போய் இப்போது ரயில் நிலையம் வந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் பேசிப் பேசி ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் வழிக்குக் கொண்டுவந்ததை மூன்று கோப்பை ஒரே மாலையில் கலைத்துவிட முடியும் என்பதைத்தான் இதில் கண்டேன். கால் படம் வரைந்த சிறுமி மட்டும் அன்றைக்கும் கால்கள்தான் வரைந்தாள், இந்த முறை மீன் மார்க்கெட்டில்.

அடுத்த ஆண்டுக்கு

டீச்சரும் நானும் உட்கார்ந்து சில விஷயங்களை எழுதி வைத்திருக்கிறோம். விருந்தினரைக் கூப்பிடும்போதே, பரிசு கொடுப்பதாக இருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பென்சில் பெட்டி என்று சொல்லிவிட வேண்டும். குறிப்பைப் பிள்ளை வரைந்து முடித்த அன்றே கேட்டு எழுத வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போனால் சிலர் வேறு கதை சொல்கிறார்கள். பிள்ளைகள் முகம் தெரியும் புகைப்படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் பெற்றோரைக் கேட்க வேண்டும், இந்த முறை சிலர் கேட்காமலே போட்டுவிட்டார்கள். இரண்டாம் வகுப்புக்கு முழுச் சார்ட் மிகப் பெரிசு, பாதிச் சார்ட்டே போதும்.

நான்காம் வகுப்பு ஆசிரியரும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். அப்படியென்றால் ஏழு மீட்டர் போதாது. மாடிப்படிச் சுவரையும் கேட்டிருக்கிறோம். அங்கே மேலும் கீழுமாகச் சரிவில் மாட்ட வேண்டியிருக்கும். எப்படி என்று எங்களுக்கு இப்போது தெரியாது. ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகளைப் படியில் உட்கார வைத்துக் கேட்பதாக இருக்கிறோம். வலையைத் தாத்தா திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை, மடித்து அலுவலக அலமாரியின்மேல் வைத்திருக்கிறார்கள்.